கொல்லிமலைக் குழந்தைக்கு வைத்தியர் எங்கே?

ஒரு குழந்தைக்கு வியாதி வந்தால் வைத்தியரைத் தேடுவதுதான் அறிவுள்ள மனிதன் செய்யக்கூடிய காரியமாகும். ஆனால் நமது நாட்டிலோ, குழந்தைக்கு வியாதி வந்தால் முதலில் தேடப்படுவது வைத்தியர் அல்ல, குற்றவாளியே தேடப்படுகின்றான். எந்த ஜன்மத்துப் பாவம், எந்தக் கிரகத்தின் பார்வை, எந்தத் தெய்வத்தின் கோபம் என்று தேடி, கடைசியாக வீட்டிற்கு வந்த மருமகளின் ராசியில் கொண்டுபோய் முடிக்கின்றார்கள். இவ்வளவும் தேடி முடிந்து, கையிலுள்ள காசும் செலவான பிறகுதான் வைத்தியரின் ஞாபகம் வருகின்றது. அந்த வியாதி ரத்தத்தோடு பிறந்த பரம்பரை வியாதியாயிருந்து விட்டாலோ கேட்க வேண்டியதேயில்லை. "தலையெழுத்து" என்று ஒரே வார்த்தையில் குழந்தையின் கணக்கை முடித்து விடுகின்றார்கள்.

இந்தக் கொடுமை சமவெளியிலுள்ள படித்தவன் வீட்டிலேயே நடக்கும்போது, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் என்ன நடக்குமென்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் மேலே போக முடியும். அங்கே 14 நாடுகளாகப் பரவியிருக்கும் ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றார்கள். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழ் பேசுகின்ற மலைவாசிகள். இவர்கள் பாடுபட்டு விளைவித்த மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குகின்றது. மிளகு இறங்குகின்றது, காப்பிக்கொட்டை இறங்குகின்றது, பலாவும் அன்னாசியும் இறங்குகின்றன. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகின்ற பக்தர்களும், ஆகாய கங்கை அருவியில் குளிக்கப் போகின்ற உல்லாசக்காரர்களும் கூட்டங் கூட்டமாக ஏறுகின்றார்கள். காய்ச்சலுக்கும் பிரசவத்திற்கும் மேலேயே சர்க்கார் வைத்தியம் இருக்கின்றது. ஆனால் ரத்தத்தில் பிறந்த வியாதியை அறிந்த நிபுணர் வேண்டுமானால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு 70 வளைவும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குழந்தை ஆறு மாதம் வரையில் நன்றாக இருக்கின்றது. பிறகு வெளுக்கின்றது, பால் குடிப்பதில்லை, வயிறு பெருக்கின்றது. பூசாரியிடம் போனால் குறி சொல்லி ஆடு கேட்கின்றான். அடிவாரத்து ஜோசியனிடம் போனால் தோஷம் என்று பரிகாரம் கேட்கின்றான். மருந்துக் கடையில் கேட்டால் "ரத்தம் குறைவு" என்று இரும்புச் சத்து மருந்தைக் கொடுக்கின்றார்கள். அந்தக் குழந்தைக்கு வந்தது தலசீமியாவாயிருந்தால், உடம்பில் இரும்பு ஏற்கனவே மிஞ்சிக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னும் இரும்பைக் கொட்டுவது வியாதிக்கு உதவி செய்வதாகுமே தவிர குழந்தைக்கு உதவி செய்வதாகாது. ஆக, ஆடு போயிற்று, பணம் போயிற்று, வருஷமும் போயிற்று. ஆனால் செய்திருக்க வேண்டிய காரியம் என்ன? சில துளி ரத்தத்தை எடுத்துப் பரிசோதிப்பதுதான். அதைச் செய்யச் சொல்லுவதற்கு ஒரு ஆள் இல்லை!

இந்த வியாதிகள் என்னவென்று நமது தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, மூச்சுக் காற்றைச் சுமக்கின்ற சரக்குக்கு ஹீமோகுளோபின் என்று பேர். அதைச் செய்வதற்கான குறிப்பு, அதாவது மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாகக் குழந்தைக்கு வருகின்றது. இரண்டும் கெட்டிருந்தால் வியாதி. ஒன்று மாத்திரம் கெட்டிருந்தால் வியாதி இல்லை, ஆனால் அவர் அதைச் சுமப்பவர். ஹீமோகுளோபின் போதிய அளவு உண்டாகாதது தலசீமியா. ரத்த அணு அரிவாள் போல் வளைந்து, குழாய்களை அடைத்து, கைகால் எலும்பெல்லாம் வலியெடுக்கச் செய்வது அரிவாள் அணு ரத்தச் சோகை. இந்த இரண்டாவது வியாதியை 1910இல் ஷிகாகோ நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் என்பவர் முதன்முதல் எழுதிவைத்தார். 1949இல் லைனஸ் பாலிங் என்னும் விஞ்ஞானி, கோளாறு ஹீமோகுளோபினிலேயே இருப்பதை மெய்ப்பித்துக் காட்டினார். 1952இல் நமது நீலகிரி மலைப் பழங்குடிகளிடத்திலேயே இது கண்டுபிடிக்கப்பட்டது.

இதிலே பாவம் எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றோம். அரிவாள் அணு மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவனை மலேரியாக் காய்ச்சல் எளிதில் கொல்லுவதில்லை என்று 1954இல் அந்தோணி ஆலிசன் ஆப்பிரிக்காவில் கண்டு சொன்னார். தலசீமியாவும் இப்படித்தான் இருக்கவேண்டுமென்று அதற்கு முன்னமே ஊகித்துச் சொன்னவர், பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஹால்டேன் ஆவார். மலேரியா கொன்று குவித்த காடுகளிலும் மலைகளிலும் பிழைத்து நின்றவர்களின் சந்ததிக்கு இந்த மரபணு மிச்சமாயிற்று. ஆகவே, எந்தக் குழந்தையைப் பார்த்து "பூர்வ ஜன்மத்துப் பாவி" என்று இந்தப் புராணக்காரர்கள் கைநீட்டுகின்றார்களோ, அந்தக் குழந்தை உண்மையில் தன் முன்னோர்கள் மலேரியாவோடு போராடிப் பிழைத்ததற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது. அதற்குக் கொடுக்க வேண்டியது மருந்தா, பழியா?

பழி யார் தலையில் விழுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கும் தாய் தலையில்தான். "அவள் வயிறு சரியில்லை" என்று சொல்லி, இரண்டாந்தாரம் தேடப் புறப்படுகின்ற ஆண்பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு. தாய் ஒரு பங்கு கொடுத்தால் தகப்பன் ஒரு பங்கு கொடுக்காமல் இந்த வியாதி வரவே வராது. இருவரும் சுமப்பவராயிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைக்கு வியாதி வரக்கூடும். நான்கில் இரண்டு பங்கு சுமப்பவராகப் பிறக்கக்கூடும். நான்கில் ஒரு பங்கு இரண்டுமில்லாமல் பிறக்கக்கூடும். இது கூட்டல் கழித்தல் தெரிந்த பையன் போடக்கூடிய கணக்கு. இந்தக் கணக்கு தெரியாத ஜோசியனுக்கு, நவக்கிரகங்களின் கணக்கு மட்டும் தெரிந்து விட்டதாம்!

அறப்பளீசுவரரைப் பற்றி ஒரு கதை சொல்லுகின்றார்கள். அறுத்துச் சமைத்த மீனையே மறுபடியும் பொருத்தி, உயிர் கொடுத்து ஆற்றில் நீந்தவிட்டாராம். நல்லது, அறுபட்ட மீனைப் பொருத்தத் தெரிந்த சாமிக்கு, தன் கோயில் வாசலில் கிடத்தப்படுகின்ற குழந்தையின் ஒரு துளி ரத்தத்தைத் திருத்தத் தெரியவில்லையா? தெரியுமென்றால் ஏன் செய்யவில்லை? தெரியாதென்றால் அங்கே எதற்காகக் காணிக்கை? இதைக் கேட்டால் நம்மை நாத்திகர் என்பார்கள். வையட்டும். ரத்தம் ஏற்றினால் அந்தக் குழந்தை எழுந்து உட்காருகின்றது என்பதை ஆத்திகரும் கண்ணாலே பார்க்கலாம்.

இனி சர்க்காரைப் பற்றியும் நாம் சொல்ல வேண்டியிருக்கின்றது. மூடநம்பிக்கைக்காரனை மட்டும் திட்டிவிட்டு, வழி வைக்காத சர்க்காரை விட்டுவிடுவது நியாயமாகாது. நீலகிரியில் வியாதி கண்டுபிடிக்கப்பட்டது 1952இல். அரிவாள் அணு ரத்தச் சோகையை ஒழிப்பதற்கென்று இந்திய சர்க்கார் தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1ஆம் தேதி. இடையில் 71 வருஷம்! 40 வயது வரையிலுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது என்பது அதன் திட்டம். இதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் 71 வருஷத்தில் வலியால் துடித்த குழந்தைகளின் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது?

மற்ற அபூர்வ வியாதிகளின் சங்கதியும் இப்படியே. அவற்றிற்காக 2021இல் ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டார்கள். அப்போது குறிக்கப்பட்ட 8 உயர் சிறப்பு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. பின்னரே சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை அந்த வரிசையில் சேர்க்கப்பட்டது. 2022இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரையில் உதவி என்று உயர்த்தினார்கள். காகிதத்தில் 50 லட்சம் இருக்கின்றது. வளப்பூர் நாட்டிலோ தின்னனூர் நாட்டிலோ இருக்கின்ற தாய்க்கு, எழும்பூருக்குப் போகவேண்டுமென்று சொல்லுவார் யார்? பேருந்துக் கூலி யார் கொடுப்பது? அங்கே தங்கும் நாட்களில் கூலி போவதை யார் ஈடு செய்வது? வைத்தியம் இருக்கின்றது, பணம் இருக்கின்றது, வழி மட்டும் இல்லையென்றால், அது கிணற்றை வெட்டிவிட்டுக் கயிற்றை ஒளித்து வைத்ததற்கு ஒப்பாகும்.

சிலர் சொல்லுவார்கள்: "ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருகின்ற வியாதிக்கு இவ்வளவு செலவா?" என்று. நாம் கேட்கின்றோம்: ஆயிரத்தில் ஒருவன்கூடப் படிக்காத சமஸ்கிருத மந்திரத்துக்கும், ஊர் ஊருக்குக் கும்பாபிஷேகத்துக்கும் செலவு செய்கின்றபோது இந்தக் கணக்கு எங்கே போயிற்று? மேலும், இந்த வியாதிகளுக்கு மருந்து இல்லையென்பதும் பொய். அரிவாள் அணு வியாதிக்கு ஹைட்ராக்ஸி யூரியா என்னும் மருந்து வலியைக் குறைக்கின்றது. தலசீமியாக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தமும், மிஞ்சிய இரும்பைக் கழிக்கும் மாத்திரையும் கொடுத்தால் வளர்ந்து, படித்து, பிழைக்கின்றது. உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் வியாதியையே தீர்க்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தச் சிகிச்சை பல வருஷங்களாக நடந்து வருகின்றது. மலையில் முடியாது என்பதும் பொய். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே தாதிகளாகப் பயின்று வேலை செய்கின்றார்கள். அங்கே முடிந்தது கொல்லிமலையில் ஏன் முடியாது?

இன்னொரு விஷயம். நம்மவர்கள் ஜாதிக்குள்ளேயும், ஜாதிக்குள்ளும் அக்காள் மகள், மாமன் மகள் என்று ரத்தத்துக்குள்ளேயும் கலியாணம் செய்துகொள்ளுகின்றார்கள். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு ஒன்றாயிருக்கும். ஒன்றுவிட்ட உறவு மணத்தில் எட்டில் ஒரு பங்கு ஒன்றாயிருக்கும். ஆதலால் ஒளிந்திருந்த வியாதி வெளிப்பட வழி அதிகமாகின்றது. ஜாதி ஒழிய வேண்டுமென்பதற்கு நாம் சொல்லிவந்த நூறு காரணங்களோடு இது நூற்றியொன்றாவது. சைப்பிரசு தீவில் 1980களில், கலியாணத்துக்கு முன் தலசீமியா பரிசோதனைச் சான்று வேண்டுமென்று கேட்டது கிறிஸ்தவ மத சபையே! யாரையும் மணக்காதே என்று தடுப்பதற்கல்ல, தெரிந்து மணப்பதற்கே. அங்கே அந்த வியாதியோடு பிறக்கின்ற குழந்தைகள் அநேகமாக இல்லையென்றாயிற்று. அந்த நாட்டுப் பாதிரிக்கு விளங்கியது நமது நாட்டுப் புரோகிதருக்கு விளங்கவில்லை. அவர் இன்னும் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கின்றார். புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டமும் செய்தாயிற்று. ஜாதகத்தை எறிந்த இடத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைக்க வேண்டியதுதான் மிச்சம்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். கொல்லிமலையில் பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், மணப்பருவத்தினருக்கும் மலைமேலேயே ரத்தப் பரிசோதனை வேண்டும். முதலில் பார்க்கின்ற வைத்தியர், அடுத்தபடி அனுப்ப வேண்டிய இடத்தைச் சீட்டில் எழுதி, அங்கே போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கவும் வேண்டும். போக்குவரத்துச் செலவும், கூலி நஷ்டமும் சர்க்கார் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு நாளாவது ரத்த வியாதி நிபுணர் 70 வளைவும் ஏறி வரவேண்டும். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கின்றது. ஆடிதோறும் சர்க்கார் விழாவும் நடக்கின்றது. கொடை வள்ளலென்று ஓரியைப் புகழ்கின்ற கை, அவன் மலைக் குழந்தைக்கு இதைக் கொடுக்கக்கூடாதா?

தோழர்களே! உங்கள் ஊரில் வெளுத்துப்போன குழந்தையை, அடிக்கடி கைகால் வலியென்று அழுகின்ற குழந்தையைக் கண்டால், பூசாரி வாசலுக்குப் போகுமுன் அதன் தாய் தகப்பனைச் சந்தியுங்கள். "இது பாவமல்ல, ரத்த வியாதி, சோதித்துப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போங்கள். கூட்டத்தில் ஆயிரம் பேருக்குப் பகுத்தறிவு பேசுவதைவிட, ஒரு குழந்தையைக் காலத்தில் வைத்தியரிடம் சேர்ப்பது பெரிய பிரசாரமென்பது நமது அபிப்பிராயம்.