விளக்குக் குடையும் வீட்டு வெளிச்சமும்

நம் சங்க உறுப்பினர் வீடுகளுக்கு விளக்குக் குடை எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். கடைகளில் 'ஷேடு' என்றும் 'டூம்' என்றும் விற்கப்படும் இப்பொருள் செல்வர் வீட்டு அலங்காரம் என்பதே பலரின் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. கண்ணை நம்பிப் பிழைக்கும் தொழில் நம்முடையது. நாற்பது வயதைக் கடந்த நெசவாளிக்கு அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க நல்ல வெளிச்சம் வேண்டும். ஆகவே, கண்ணுக்கு எது இதம் என்று ஆராய்வது ஆடம்பரமாகாது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பழைய வீடுகளில் அகல் விளக்கைச் சுவரிலுள்ள மாடக்குழியில் வைத்தனர். சுடர் காற்றில் அணையாதிருந்தது. பக்கத்தில் அமர்ந்தோர் கண்ணையும் அது கூசச் செய்யவில்லை. அரிக்கேன் விளக்கில் படித்த நாளில், சிம்னிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு தபால் கார்டைச் செருகிக் கண்ணுக்கு நேரான சுடரை மறைத்துக்கொண்டோம். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர் ஆலைகளுக்கும் தோட்டத்துக் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. நாளடைவில் வீடுகளும் ஒளி பெற்றன. ஆனால் மாடக்குழி கற்பித்த பாடத்தை மறந்து, வெற்றுப் பல்பை நடுக்கூடத்தில் தொங்கவிட்டோம்.

குடை வாங்குவோரும் சில சமயம் தவறிவிடுகின்றனர். அண்மையில் உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் கருஞ்சிவப்புத் துணிக்குடை ஒன்றைக் கண்டோம். பகலில் கடையில் பார்த்தபோது அழகாயிருந்ததாம். இரவிலோ, அவர் மகள் புத்தகத்தை முகத்தருகே தூக்கிப் பிடித்துப் படிக்கிறாள். வெள்ளை நூலுக்கும் சந்தன நிற நூலுக்கும் வேற்றுமை தெரியவில்லை. விளக்குக் குடையைப் பகலில் பார்த்து வாங்குவது, ஏரில் பூட்டிப் பாராமல் சுழியை மட்டும் பார்த்து மாடு வாங்குவது போன்றது.

எனவே வாங்குமுன் விளக்கை ஏற்றிப் பார்க்க வேண்டும். நாம் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பல்பு கண்ணில் படலாகாது. படிக்கும் பக்கத்திலும், பூத்தொடுக்கும் கையிலும் வெளிச்சம் தாராளமாக விழ வேண்டும். குடையின் உட்புறம் வெண்மையாகவும், கீழ்வாய் அகன்றும் இருப்பது நலம். மேல்வாய் திறந்திருந்தால் சூடு வெளியேறும். கூரையிலும் சிறிது ஒளி படர்ந்து அறை இருண்டு தோன்றாது.

முன்பு துணிக்குடை என்றால் அஞ்ச வேண்டியிருந்தது. பழைய இழை பல்பு, தான் கொள்ளும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்களவே ஒளியாக்கும். மற்றது பெரும்பாலும் வெப்பமாகும். துணி கருகியதும் உண்டு. 60 வாட் இழை பல்பின் ஒளியை இன்று ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது, வெப்பமும் மிகக் குறைவு. ஆகவே, நம் தறித் துணிக்கு இதுவரை இல்லாத ஒரு வாய்ப்பு இப்போது பிறந்திருக்கிறது.

ஆயினும் நம் துணி என்பதற்காகவே எதையும் மாட்டிவிடலாகாது. பவானி ஜமக்காளம் தரையில் விரிக்கச் சிறந்தது. அதன் தடித்த நெசவில் ஒளி ஊடுருவாது. தடித்த நூலில் நெய்த படுக்கை விரிப்பும் அவ்வாறே. 40-ஆம் நம்பர் நூலில் நெருக்கமின்றி நெய்த வெள்ளை அல்லது வெளிர் சந்தன நிறச் சாதாத் துணியே தக்கது. நாடா கட்டிக் கழற்றித் துவைக்கும்படி தைத்தல் வேண்டும். எண்ணெய்ப் புகை படியும் சமையலறைக்கும், பஞ்சுத் தூசி பறக்கும் தறிக்கூடத்துக்கும் துணிக்குடை கூடாது. அங்கே உட்புறம் வெள்ளை எனாமல் பூசிய தகரக் குடையே பாதுகாப்பானது. தறிமேல் தொங்கும் விளக்கு, நெய்பவர் கண்ணை விட்டுத் துணியின்மேல் ஒளி வீசுமாறு அமையட்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தறியில் மிஞ்சும் துண்டுகள் குறைந்த விலைக்குப் போகின்றன. மூங்கில் வேலை செய்வோரிடம் வளையம் பெற்று, அத்துண்டுகளில் சில குடைகளைத் தைத்துப் பார்க்கலாம். முதலில் பத்து செய்தால் போதும். நூறு செய்து கிடங்கில் அடுக்கி வைத்து நஷ்டக் கணக்கு எழுத வேண்டாம். விற்பனை நிலையத்தில் அந்தி வேளையில் ஒன்றை ஏற்றி வைத்து, விலையையும் எழுதி வைத்தால், வாங்குவோர் தம் கண்ணாலேயே தீர்ப்புச் சொல்வர்.

அதுவரை உறுப்பினர்கள் ஒன்று செய்யலாம். இன்றிரவு வீட்டில் குழந்தை படிக்கும் இடத்தில் அமர்ந்து நிமிர்ந்து பாருங்கள். பல்பு கண்ணைக் கூசச் செய்தால், உங்கள் வீட்டிற்கும் ஒரு குடை வேண்டும் என்றே பொருள்.