சங்கிலி கையில் இருக்கட்டும்

குன்னூர், கோத்தகிரி, வால்பாறை போன்ற மலையூர்களில் சிறுத்தையும் கரடியும் உலவும் அந்தி நேரத்தில் நாயை அவிழ்த்துவிட்டு நடப்பது ஆபத்து. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 விழுக்காடு நாய்களே எனத் தெரிந்தது. நாய்தானே நமக்குக் காவல் என்பார்கள். வீட்டு வாசலில் அது உண்மை. தேயிலைச் சரிவில் அல்ல. கரடியைக் குரைத்துத் துரத்தும் நாய், கரடி திரும்பிப் பாய்ந்தால் வளர்த்தவரிடமே ஓடிவரும், அதையும் கூட்டிக்கொண்டு. சங்கிலி கொடுமை என்போரின் பரிவு எனக்கும் உண்டு. ஆனால் ஓடியாட வேலியிட்ட முற்றமும் பகல் வெளிச்சமும் இருக்கின்றனவே. இழப்பு நமக்கு மட்டுமா? காட்டு விலங்குகளுக்கும்தான். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்ற டிஸ்டெம்பர் நோய் ஊர் நாய்களிடமிருந்து பரவியதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள், இருட்டுமுன் வீடு திரும்புங்கள்.