பின்னாடி ஸ்பீக்கர் எதுக்குக் கத்தணும்?

போன மாசம் கிளாஸ்மேட் ஒருத்தன் வீட்டுல புதுசா 5.1 ஹோம் தியேட்டர் வாங்கியிருக்காங்கன்னு கும்பலா படம் பார்க்கப் போயிருந்தோம். பத்தே நிமிஷத்துல அவங்க பாட்டி எழுந்து உள்ள போயிட்டாங்க. "என்ன பேசுறாங்கன்னே புரியலடா, இடிதான் இடிக்குது." பாட்டிக்குக் காது மந்தம்னு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் ஒரு எழவும் புரியலைங்கிறதை நான் வெளிய சொல்லிக்கல.

இடைவேளையில மெனுவைத் திறந்து பார்த்தா, மாட்டிக் கொடுக்க வந்த ஆள் பின்பக்க ஸ்பீக்கர் ரெண்டுக்கும் +10, சப்வூஃபருக்கும் +10 வச்சிட்டுப் போயிருக்கார். சென்டர் 0. ஏன்னு கேட்டா, "பின்னாடி சத்தமே வரலியே"ன்னு நண்பனோட அப்பா கேட்டாராம்.

மக்களே, பின்னாடி எப்பவும் சத்தம் வரணும்னு யார் சொன்னது? மழை, கூட்டம், தலைக்கு மேல பறக்கிற ஹெலிகாப்டர், இதுக்குத்தான் அது. வசனத்துல பெரும்பகுதி வர்றது சென்டர்ல. அதை அமுக்கிட்டு, காசு குடுத்த அஞ்சு ஸ்பீக்கரும் சமமா உழைக்கணும்னு நினைக்கிறது, கல்யாண வீட்டுல சாதத்துக்குச் சமமா ஊறுகாய் பரிமாறுற மாதிரி.

இதுல கணக்கும் இருக்கு. தூரம் பாதியானா சத்தம் 6 டெசிபல் ஏறும் (திறந்த வெளியில, அறைக்குள்ள கொஞ்சம் கம்மி). அவங்க சோபா சுவரோட ஒட்டிக் கிடக்கு. பின் ஸ்பீக்கர் காதுலேர்ந்து ஒரு மீட்டர், சென்டர் மூணு மீட்டர். நியாயமா பின்னாடி மைனஸ்ல இருக்கணும். அதுக்கு மேல ஒரு பத்து!

வசனம் கேக்கலைன்னு மொத்த வால்யூமைக் கூட்டினா எல்லாமே சேர்ந்துதான் ஏறும், வித்தியாசம் அப்படியே இருக்கும். அடுத்த சண்டைக் காட்சியில பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

செய்ய வேண்டியது இருபது நிமிஷ வேலை. உக்கார்ற இடத்துல, காது உயரத்துல மீட்டரைப் பிடிச்சிட்டு டெஸ்ட் டோனைப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்டுற வரைக்கும் ஏத்தி இறக்குங்க. மீட்டர் இல்லையா, போன் ஆப் போதும். அது காட்டுற எண் தப்பா இருந்தாலும் பரவாயில்ல, நமக்கு வேண்டியது எல்லாம் ஒண்ணா இருக்கணும்ங்கிறதுதான்.

"என் காசு, என் ரசனை"ன்னு சொல்றவங்களுக்கு: ரசனை தாராளமா இருக்கட்டும், முதல்ல சமமாக்கிட்டு அப்புறம் ரெண்டு மூணு கூட்டுங்க. ஹால்ல நீங்க மட்டும் உக்காரல. அதே மாதிரி, 75-ஐ விட்டு ஒரு டெசிபல் நகரக்கூடாதுன்னு அடம்பிடிக்கிற சுத்த சைவக் கோஷ்டியோடயும் எனக்கு ஒத்துவராது. சில படங்கள்ல வசனத்தை மிக்ஸிங்லயே குறைச்சுத்தான் வைக்கிறாங்க. சென்டரை 2 கூட்டினா குடி முழுகிடாது.

அன்னிக்கு அப்படித்தான் செஞ்சோம். பின்பக்கம் -5, சென்டர் +2. பாட்டி வந்து உக்காந்து, கிளைமாக்ஸ் வரைக்கும் ஹீரோவைத் திட்டிக்கிட்டே பார்த்தாங்க. நேத்து நண்பன் சொல்றான், அப்பா மறுபடியும் அந்த ஆளுக்குப் போன் போட்டுட்டாராம், பின்னாடி சத்தமே வரலைன்னு.

டிஸ்கி: சப்வூஃபரை மட்டும் போன் ஆப்பை வச்சு அளக்காதீங்க. அடி ஒலியைப் போன் மைக் சரியா வாங்காது, அது காட்டுறதை நம்பி ஏத்தினா ஜன்னல் கண்ணாடி ஆடும்.