பித்தளைக் கதவும் அம்மாவின் கேள்வியும்

புதிதாக ஃப்ளாட் வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் பூஜையறைக் கதவைப் பற்றித் தனியாக ஒரு கதை இருக்கிறது. ஹாலுக்கு என்ன டைல்ஸ் என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தவர்கள்கூட, கதவில் அஷ்டலட்சுமியா, தசாவதாரமா, வெறும் தாமரையும் மணியும் போதுமா என்று ஒரு மாதம் யோசிக்கிறார்கள். நான் கேலி செய்யவில்லை. நானும் அப்படி யோசித்து, தேக்குச் சட்டத்தில் பித்தளைத் தகடு அடித்த அஷ்டலட்சுமிக் கதவை வாங்கி மாட்டியவன்தான். மாட்டிய பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நல்ல தகட்டு வேலை பார்க்க அழகாக இருக்கும். தகட்டை அரக்கின் மேல் வைத்து, பின்பக்கமிருந்து உளியால் தட்டித் தட்டி முகத்தையும் தாமரையையும் மேலே எழுப்புவது சாதாரண வித்தை இல்லை. தெலங்கானாவில் பெம்பர்த்தி என்ற ஊரே இந்தத் தகட்டு வேலைக்குப் பெயர் பெற்றது. ஆனால் கடைகளில் நாம் பார்க்கும் கதவுகளில் பல, அச்சில் வைத்து இயந்திரத்தில் அழுத்தியவை. எட்டு லட்சுமிக்கும் ஒரே முகம் இருந்தால் அது அச்சு என்று தெரிந்துகொள்ளலாம். என் கதவில் எட்டு பேருக்கும் ஒரே முகம்தான்.

கோயிலில் பித்தளைக் கவசம் போட்ட கதவுகளைப் பார்த்துத்தான் நமக்கு இந்த ஆசை வருகிறது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் பலமுறை திறந்து மூடுவார்கள், எண்ணெயும் தீபச் சூடும் படும், கூட்டத்தின் கை படும். மரத்தைக் காப்பாற்றத் தகடு வேண்டும். திறக்கவும் துலக்கவும் ஆட்கள் உண்டு. வேளை பார்த்து நடை திறப்பார்கள், நடை சாத்துவார்கள். நம் வீட்டில் இதெல்லாம் யார் செய்வது?

எடையைக் கணக்குப் பாருங்கள். ஏழடிக்கு மூன்றடி கதவுக்கு 1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒரு பக்கம் அடித்தாலே சுமார் 16 கிலோ. இரண்டு பக்கமும் அடித்தால் 33 கிலோவைத் தொடும். அதற்கு மேல் தேக்கின் எடை, மணிகளின் எடை. எங்கள் கதவு ஆறே மாதத்தில் கீல் தொங்கி, தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. திறப்பது சிரமமானதும் என்ன செய்வோம்? சாத்தியே வைப்போம். ஹாலில் ஏ.சி. ஓடுகிறது, வந்தவர்கள் பார்த்தால் சாத்திய கதவுதான் அழகு என்று காரணங்களும் கிடைத்தன.

எங்கள் அம்மாவுக்கு 87 வயது. ஹாலில் ஜன்னலோரம் கட்டில். மாயவரத்தில் நாங்கள் இருந்த வீட்டில் சாமிக்குத் தனி அறை கிடையாது. கூடத்துச் சுவரில் ஒரு மாடம், அவ்வளவுதான். படுத்திருப்பவர்களுக்கும் சாப்பிடுகிறவர்களுக்கும் விளக்கு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். புது வீட்டுக்கு வந்தபின் அம்மா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, விளக்கு ஏத்தியாச்சா?"

"ஆச்சும்மா" என்பேன். அரை மணி கழித்து மறுபடியும் அதே கேள்வி. வயதாகிவிட்டது, ஞாபக மறதி என்று நினைத்தேன். ஒருநாள் கொஞ்சம் சிடுசிடுப்பாகவே பதில் சொல்லிவிட்டேன். என் மனைவிதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அத்தைக்கு எப்படிங்க தெரியும்? கதவு சாத்தியிருக்கே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா மறக்கவில்லை. பார்க்க முடியாததால் கேட்டிருக்கிறார். எழுந்து போய் அந்தக் கதவைத் தள்ளும் தெம்பு அவருக்கு இல்லை. வருகிற விருந்தாளிக்காக ஒரு கதவு வாங்கி, வீட்டிலேயே இருப்பவருக்கு விளக்கை மறைத்துவிட்டேன்.

கதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்ன வீட்டில் தூசி, எலி, சமையல் வாடை, படுக்க வரும் உறவினர்கள் என்று மறைப்புக்குத் தேவை இருக்கிறது. ஆனால் மேல்பாதியாவது துளையிட்ட ஜாலி வேலையாக இருக்கட்டும். விளக்கு தெரியும், சாம்பிராணிப் புகை உள்ளேயே சுற்றாது, எடையும் குறையும். இன்னொன்று, எரியும் விளக்கைக் கதவுக்குப் பின்னால் கண் மறைவாக விடுவது ஆபத்து. பட்டுத் துணியும் எண்ணெயும் பக்கத்தில் இருக்கும் இடம் அது.

துலக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது; காற்றுப் பட்டால் கறுக்கும். கறுக்காமலிருக்க மேலே தெளிவான பூச்சு அடித்துத் தருவார்கள். அதைப் புளி போட்டுத் தேய்த்தால் பூச்சு திட்டுத் திட்டாகப் போய், கதவு தேமல் பிடித்த மாதிரி ஆகும். பூச்சு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் புளியும் கையுமாக நிற்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை யாருடையது என்று நமக்குத் தெரியும். கதவைத் தேர்ந்தெடுத்தவன் நான். முட்டி வலியோடு துலக்கியவள் என் மனைவி. தங்க நிறப் பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் லேசரால் வெட்டிய கதவுகள் இப்போது கிடைக்கின்றன. பித்தளையின் களை அதில் வராதுதான். ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கடைசியில் தச்சரை வரவழைத்து, இரண்டு கதவிலும் மேல்பாதித் தகட்டையும் பலகையையும் எடுத்துவிட்டு ஜாலி வைத்தோம். கழற்றிய நான்கு லட்சுமிகளும் ஹால் சுவரில் இருக்கிறார்கள். விளக்கு எரியும் நேரம் ஒரு கதவு திறந்தே இருக்கும். அம்மா படுத்தபடியே கை கூப்புகிறார். ஆறு மணிக் கேள்வி நின்றுவிட்டது.

நீங்கள் கதவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், வீட்டில் மூத்தவர் எங்கே உட்காருவார், எங்கே படுப்பார் என்று பார்த்து, அங்கே போய் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். அங்கிருந்து விளக்கு தெரிய வேண்டும். டிசைனை அதற்குப் பிறகு பார்க்கலாம்.