பிள்ளைக்குப் பெயரும் பெயருக்கு எழுத்தும்

சங்கத்து அன்பர்கள் சிலர் இவ்வாண்டு தந்தையராகியுள்ளனர். அவர்களுள் இருவர் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டனர்: "பையனுக்குப் பெயர் முடிவாயிற்று, அதை எப்படி எழுதுவது?" ரயில்வே குமாஸ்தாவாகப் பெயர்ப் பட்டியல்களோடு காலந்தள்ளுபவன் என்பதால் என்னைத் தேடி வந்தனர் போலும். கேள்வி சிறிதாயினும் விடை சிறிதன்று. ஆகவே இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

சொந்த ஊரில், தொட்டிலில் இட்டுக் காதில் மும்முறை ஓதியதும் பெயர் நிலைத்துவிடும். நாக்பூரில் வாழும் நமக்கோ அதே பெயர் தமிழ், தேவநாகரி, ஆங்கிலம் என மூன்று உடை உடுத்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசாங்க உத்தியோகம் யாவற்றிற்கும் அதுவே. அத்தாளில் ஏறிய எழுத்து பிள்ளையை ஆயுள் முழுதும் தொடரும்.

ஆயினும் மருத்துவமனை எழுத்தர் அவசரப்படுத்துவதற்காக வாயில் வந்ததைச் சொல்லிவிட வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். பெயரை அன்றே தெரிவித்தாக வேண்டும் என்பதில்லை. பெயரின்றிப் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியே சேர்த்துக்கொள்ளலாம். அதன் பின்னும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழியுண்டு. சேர்ப்பது எளிது, சேர்த்ததை மாற்றுவதுதான் அரிது. ஆகவே ஆர அமர யோசியுங்கள்.

இனி எழுத்தின் தொல்லைக்கு வருவோம். முதற்பெருந்தொல்லை நம் ழகரம். எழில், மகிழன், செழியன் என்று ஆசையோடு பெயரிடுகிறோம். ஆங்கிலத்தில் 'இசட்-எச்' இட்டு எழுதுகிறோம். இங்குள்ள ஆசிரியர் அதைக் கண்டதும் 'எஜில்' என்கிறார். அவர் மீது குற்றமில்லை; அவ்வெழுத்துச் சேர்க்கை அவருக்கு அப்படித்தான் ஒலிக்கும். நம் ரயில்வேயிலேயே சோழன் விரைவு வண்டிக்கு 'எல்' வாய்த்தது. உழவன் வண்டிக்கு 'இசட்-எச்' வாய்த்தது. தகரமும் அவ்வாறே: தஞ்சாவூர்ப் பலகையில் 'டி'யோடு 'எச்' நிற்கிறது, திருநெல்வேலிப் பலகையில் 'டி' தனித்தே நிற்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்தாலேயே தீர்க்கவொண்ணாத சிக்கலைத் தொட்டிலருகே நின்று நாம் தீர்க்க வேண்டியிருக்கிறது!

கார்த்திக் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 'எச்' சேர்த்து எழுதினால் வடநாட்டார் மூச்சை அழுத்தித் தகரத்தை இரட்டிப்பாக ஊதுவர். 'எச்' இன்றி எழுதினால் மதுரையில் உள்ள சித்தப்பா 'கார்டிக்' என்று படிப்பார். இதில் என் கருத்து இது: ஆங்கிலத்தில் தமிழ்நாட்டு வழக்கப்படியே எழுதுக, தேவநாகரியில் ஒலிக்கு ஏற்பத் தாமே எழுதிக் கொடுத்துவிடுக. பெரும்பாலோர் இவ்விரண்டாவதைச் செய்வதில்லை. ஆங்கிலத்தை மட்டும் நீட்டுகின்றனர். எழுத்தர் அதைப் பார்த்துத் தம் மனம்போல் நாகரியில் ஏற்றுகிறார். நமக்கு ஒரே ககரம், நாகரியிலோ நான்கு. முருகனுக்கு எந்தக் ககரம் என்று பெற்றோர் சொல்லாவிடில் யார் சொல்வார்?

பொருளையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நலம். மாறன் என்பது பாண்டியர்க்குரிய பெயர். இங்கோ அடித்தலைக் குறிக்கும் சொல் அதே ஒலியில் இருப்பதால் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிடும். அதற்காகப் பெயரை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வைப்பது நல்லது.

என் வீட்டுச் சங்கதியும் உண்டு. பேரன் என்பவன் பாட்டனின் பெயரைத் தாங்கும் பெயரன் அன்றோ? அம்முறைப்படி என் மகனுக்கு என் தந்தையார் பெயரே: பழநிவேல். மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட மருமகளுக்கு நா எழாது. ஆதலால் வீட்டில் அவன் 'தம்பி'தான். ஆங்கிலத்தில் எழுதும்போது 'இசட்-எச்' வேண்டாமென்று முடிவு செய்தேன். பழனி நிலையத்தின் ஆங்கிலப் பலகையில் 'எல்' இருக்கிறது. கோயிலூருக்குப் போதுமானது பிள்ளைக்கும் போதும். தேவநாகரியில் மராத்தியரின் ளகரத்தை இட்டேன். ழகரம் அவர்களிடம் இல்லையாயினும் ளகரத்தை அழகாக உச்சரிக்கின்றனர். நம் மொழியின் பெயரையே இந்திக்காரர் 'தமில்' என்று எழுத, மராத்தியர் 'தமிள்' என்று எழுதுகின்றனர். நமக்கு ஒருபடி நெருங்கியவர்கள். தந்தையார்க்கு இது பிடிக்கவில்லை. "ழகரம் போயிற்றே" என்று ஒரு கார்டு எழுதினார். போகவில்லை என்று பதில் எழுதினேன். பையன் தமிழில் கையெழுத்திடப் பழகும்போது அது அங்கே இருக்கும். தமிழில் தந்நகரமா, றன்னகரமா என்பதில் அவர்க்கும் என் தமையனார்க்கும் நடக்கும் வழக்கு வேறு. அது இன்னும் தீரவில்லை.

கடைசியாகக் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு அக்கட்டம் ஒரு பொறி. வெற்றிடமாக விட அஞ்சிச் சிலர் ஊர்ப்பெயரை எழுதுகின்றனர். சிலர் சாதிப் பெயரை எழுதிவிடுகின்றனர். நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் தமிழ்நாட்டில் தம் பெயரின் பின்னிருந்து வெட்டி எறிந்த வாலை, ஒரு படிவத்தின் கட்டத்தை நிரப்புவதற்காக இங்கே மீண்டும் ஒட்டவைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடன்று. தந்தையின் பெயரை முழுமையாக எழுதுக. ஒற்றை எழுத்தாகவும் விடற்க. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்பு, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. பிற்காலத்தில் பிள்ளை எங்கெங்கு செல்வானோ, யார் கண்டது?

சான்றிதழை வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காமல் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். எழுத்தர் கைப்பிழையாயின் பதிவாளரே திருத்தச் சட்டம் இடந்தருகிறது. நாகரி எழுத அறியாதோர் ஞாயிறு மாலை நூலகத்திற்கு வரலாம். பள்ளியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் அழகாக எழுதித் தருவர். தாளை மட்டும் மறவாமல் கொண்டுவருக. சங்கத்துத் தாள் தீர்ந்துவிட்டது.