லென்ஸ் அப்புறம், வெளிச்சம் முதலில்!



மதிய இடைவேளையில் நம் மரத்தடியில் இப்போது அதிகம் அடிபடும் பேச்சு எது தெரியுமா? அரியர்ஸ் அல்ல, கேமரா! "எந்த லென்ஸ்டா மாப்ள வாங்கலாம்?", "70-300 இருந்தாத்தான் கெத்து" என்று ஆளுக்கொரு தீர்ப்பு. முகூர்த்த நாட்களில் நாலு காசு பார்க்கலாம் என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? குறுவை நெல் போட்ட காசிலிருந்தோ, அம்மா எடுத்த மகளிர் குழுக் கடனிலிருந்தோதானே? அதனால்தான் சொல்கிறேன்: முதலில் வெளிச்சத்தைப் படிப்போம்.

அது பெரிய வித்தை இல்லை. நம்ம ஊர் வாய்க்கால் மதகுக்கே 'ஷட்டர்' என்றுதானே பேர்! மதகை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பது அப்பெர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் வேகம். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்பது ஐ.எஸ்.ஓ. அதை ஏற்றினால் கொஞ்ச வெளிச்சமே போதும். ஆனால் படம் புள்ளி புள்ளியாகப் போகும்.

அப்பெர்ச்சர் எண்கள் 2, 2.8, 4, 5.6, 8 என்று ஏன் தாவுகின்றன? நம் கணக்குப் பாடம்தான்! குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது அந்த எண். 50 மி.மீ. லென்ஸில் 2 என்றால் விட்டம் 25 மி.மீ.; 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. ஆகவே ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும்.

இன்னொன்று: நடவு வயலில் தண்ணீர் பளபளக்கும்போது கேமரா ஏமாந்து, நம் ஆட்களின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஒரு படி கூட்டி எடுத்தால் முகம் தெரியும். இதற்கு எந்த லென்ஸும் வாங்க வேண்டாம்!

சரி, லென்ஸுக்கு வருவோம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன ஓட்டு வீட்டுக்குள் நின்று குடும்பத்தையே ஒரு படத்தில் அடக்க 18 வேண்டும். அதன் குறை வேறு: 55-இல் வைத்தால் துவாரம் 5.6-க்கு மேல் விரியாது. 50 மி.மீ. 1.8 லென்ஸோ அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விளக்கு வெளிச்சத்தில் முகம் எடுக்க அதுதான் தோது. எனவே நாலு மாதம் 18-55-இலேயே எடுங்கள். பிறகு எந்த எண்ணில் அதிகம் எடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 50 பக்கம் கூடினால் 50 வாங்குங்கள். 35 பக்கமானால் 35.

பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'ஏ.எஃப்.-டி' வகை 50-ஐ மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். 'ஏ.எஃப்.-எஸ்' என்று போட்டிருந்தால் கவலையில்லை.

"செல்போனே போதுமே?" என்பீர்கள். பழகுவதற்குத் தாராளமாகப் போதும்! ஆனால் அது அகல லென்ஸ். முகத்துக்கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்துவிடும். ரெண்டடி தள்ளி நில்லுங்கள்.

சாமான் குறைவாக இருந்தும் சாதித்தவர்கள் உண்டு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, காகித நெகட்டிவை வைத்துக்கொண்டு நம் பெரிய கோவிலைப் படம் பிடித்தார். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரே 50 மி.மீ. லென்ஸோடு உலகைச் சுற்றினார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவரும் அவரே.

தஞ்சைக் கல்லுக்கு 1858-லேயே படம் உண்டு. ஆனால் நாற்றுப் பறித்த நம் பாட்டிமாருக்கு? என் அப்பாயிக்கு இருக்கும் ஒரே படம் வாக்காளர் அட்டையில் உள்ளதுதான். அதிலும் முகம் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அவர்கள் குனிந்து நட்ட கை நடவு, இயந்திரம் வந்தபின் குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் கைகளை நாம் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள்?

ஆகவே நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆளாளுக்குக் கடன் வாங்குவதற்குப் பதில், பேரவை நிதியில் பழைய கேமரா ஒன்று, 18-55 ஒன்று, 50 ஒன்று வாங்கி நூலகத்தில் வையுங்கள். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிறோம். எடுத்துப் போகும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் உழைப்பவர் ஒருவரைப் படமெடுத்து, பெயர், ஊர், தொழில், தேதி எழுதித் தர வேண்டும். அடுத்த ஆண்டு மலரின் நடுப்பக்கங்களில் நடிகர் படம் வேண்டாம். நம் அப்பா, அம்மா, அப்பாயி படங்கள் வரட்டும்!

தோழர்களே, சம்மதம்தானே?

— இரண்டாமாண்டு, இயந்திரவியல்