ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்லீங்க!

ரோபோ செய்கிற பசங்க கூடும் இடத்தில் இந்த அறிவுரை கட்டாயம் காதில் விழும். "மோட்டார் இழுக்கலையா மச்சி? இன்னொரு எல்293டி வாங்கி முதல் ஐசி முதுகுலயே ஏத்தி, காலோட கால் வச்சு சால்டர் பண்ணிடு. கரண்ட் டபுள்!" சொல்பவர் முகத்தில் அணுவைப் பிளந்த களை வேறு. என் அறைத்தோழன் இதை நம்பினான். விடிந்தால் டெமோ என்ற ராத்திரியில், ரெண்டு மணிக்கு அறை முழுக்கப் புகை.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்கு தப்பாக இருந்தால் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். இது தப்புக் கணக்கு.

எல்293டி-யின் ஒரு சேனல் தொடர்ந்து தரக்கூடியது 600 மில்லிஆம்ப். 1.2 ஆம்ப் என்பது நொடிக்கும் குறைவான நேரத்துக்கான உச்சம். ரெண்டை அடுக்கினால் 1.2 ஆம்ப் தொடர்ந்து கிடைக்கும் என்பது இவர்கள் வாதம். அதற்கு ரெண்டும் சுமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொள்ளுமா?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ன்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டாளிகளுக்கு லாப நட்டம் சமபங்கு. சிலிக்கானுக்கு அந்தச் சட்டம் தெரியாது. இந்த ஐசி-க்குள் இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். சூடு ஏறினால் இவை இன்னும் சுலபமாகக் கடத்தும். கொஞ்சம் அதிகம் சுமப்பவன் சூடாவான். சூடானதால் இன்னும் அதிகம் சுமப்பான்.

அதிலும் அடுக்கி வைப்பது கொடுமை. நடுவிலுள்ள நாலு கிரவுண்ட் கால்கள் வழியாகத்தான் சூடு போர்டின் செம்புக்கு இறங்குகிறது. மேலே உட்கார்ந்தவனுக்கு அந்தச் செம்பு எட்டாது, கீழே இருப்பவனின் அனல் வேறு. சூடு எல்லை மீறினால் அவன் தன்னைத்தானே அணைத்துக்கொள்வான். மொத்தச் சுமையும் அடுத்தவன் தலையில். அதே 1932 சட்டம் இதையும் சொல்கிறது: ஒரு கூட்டாளி கைவிரித்தால் முழுக் கடனுக்கும் மற்றவர் பொறுப்பு. இந்த ஒரு விதியை மட்டும் சிப் அப்படியே கடைப்பிடிக்கிறது!

"நான் செஞ்சேன், ஓடிச்சே" என்பார்கள். உங்கள் மோட்டார் 400 மில்லிஆம்ப் இழுத்திருந்தால் ஒற்றை ஐசி-யிலேயே ஓடியிருக்கும் சாமி. ரெண்டாவது சிப் வெறும் வேடிக்கை பார்த்திருக்கிறது.

அதற்காக, இணையாக இணைப்பதே பாவம் என்று ஜல்லியடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எல்298-ன் டேட்டாஷீட்டே இணைக்கச் சொல்கிறது: 1-ஐ 4-உடன், 2-ஐ 3-உடன். எல்லாம் ஒரே சிப்புக்குள் இருப்பவை. ஒவ்வொரு பாலமும் 2 ஆம்ப் தாங்கும். இணைத்தால் தொடர்ந்து கிடைப்பதாக அவர்கள் எழுதியிருப்பது 4 அல்ல, 3 ஆம்ப். செய்தவனே ரெண்டும் ரெண்டும் நாலு என்று சொல்லத் துணியவில்லை, நமக்கு எங்கிருந்து துணிச்சல்?

அந்த எல்298-ம் 2 ஆம்பில் 4.9 வோல்ட் வரை விழுங்கக்கூடும். 12 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழு சொச்சம். பத்து வாட் வெறும் சூடு. மாஸ்ஃபெட் உள்ள டிஆர்வி8833 போன்றவற்றில் கதை வேறு. சூடானால் தடை கூடுவதால் சுமை தானாகவே சமமாகும். அதன் இரு பாலங்களையும் இணைத்து 1.5 ஆம்பை 3 ஆம்ப் ஆக்கலாம் என்று டேட்டாஷீட் தெளிவாகச் சொல்கிறது, சூட்டை வெளியேற்ற வழி செய்திருந்தால்.

ஆகவே மக்களே, சால்டரிங் அயர்னைத் தூக்கும் முன் மல்டிமீட்டரைத் தூக்குங்கள். மோட்டார் சுருளின் தடையை அளந்து, வோல்டேஜை அதனால் வகுங்கள். 12 வோல்ட், 6 ஓம் என்றால் சக்கரம் சிக்கி நிற்கும்போது 2 ஆம்ப் வரை இழுக்கும். அதைத் தாங்கும் டிரைவரை வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் கருகிய ரெண்டு ஐசி, போர்டு, போன மார்க், போன தூக்கம் எல்லாவற்றையும் செலவுப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது மலிவு என்று ஐந்தொகையே சொல்லும்.